தேனீ இருந்தால் அசல் லயோலா? பிரெஞ்சு மடக்குக்கத்திகளைப் பார்த்து வாங்கும் முறை

துலூஸுக்கு வேலைக்கு வந்திருக்கும் ஒரு நண்பரின் கேள்வி இது. ஞாயிற்றுக்கிழமை பழம்பொருள் சந்தையில் 60 யூரோ கொடுத்து ஒரு மடக்குக்கத்தி வாங்கியிருக்கிறார். அலகில் "லயோல்" என்றும் அதற்குக் கீழே "இனோக்ஸ்" என்றும் பொறித்திருக்கிறது. மாட்டுக்கொம்புப் பிடி, பின்பக்கம் ஒரு கார்க் திருகி, முதுகில் ஒரு தேனீ. "நெப்போலியன் லயோல் ஊருக்குக் கொடுத்த தேனீ அது, 1900 வாக்கில் செய்த கத்தி" என்று விற்றவர் சொன்னாராம். இது அசல்தானா, இதுபோன்ற கத்திகளைச் சேகரிக்க வேண்டுமானால் எங்கே தொடங்குவது என்று கேட்கிறார்.

முதல் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கத்தி 1900ல் செய்ததாக இருக்க முடியாது. இனோக்ஸ் என்றால் நாம் எவர்சில்வர் என்று சொல்லும் துருப்பிடிக்காத எஃகு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி அந்த எஃகை உருக்கியதே 1913ல்தான். பிரெஞ்சு மடக்குக்கத்திகளில் அது பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. ஆக, அலகில் இருக்கும் அந்த ஒரு சொல்லே விற்றவர் சொன்ன வருடத்தை அடித்துவிடுகிறது. நெப்போலியன் கதைக்கும் எந்த ஆதாரமும் கிடையாது. அவர் செத்தது 1821ல். லயோல் கத்தி பிறந்தது 1829ல். தேனீ வந்து உட்கார்ந்தது அதற்கும் எண்பது வருடம் கழித்து.

அதனால் நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள் என்று நான் சொல்லவில்லை. 1900 இல்லை என்பது வேறு, போலி என்பது வேறு. கிளெர்மோன்-ஃபெரானில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். கத்திகளின் ஊரான தியேர் இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்வரும் தூரம். இத்தனை வருடத்தில் என்னிடம் வந்த கேள்விகளில் பாதி "இது அசலா?" என்பதுதான். அந்தக் கேள்வியை உடைத்துக் கேட்டால்தான் பதில் கிடைக்கும். யார் செய்தது? எங்கே செய்தது? எப்போது செய்தது? செய்த பிறகு யாராவது கை வைத்தார்களா? பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இவற்றில் ஒன்றுக்குக்கூடப் பதில் சொல்ல முடியாது. லயோல் விஷயத்தில் இது முழுக்க உண்மை.

லயோல் என்பது ஒரு ஊர். தெற்கு பிரான்சில் அவேரோன் மாவட்டத்தில், ஓப்ராக் என்ற மேட்டுநிலத்தில் இருக்கும் சின்ன மாட்டுச்சந்தை ஊர். பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தால் "லாகியோல்" என்று வரும், ஊர்க்காரர்கள் சொல்வது லயோல். அங்கே விவசாயிகள் முன்பு கப்புஷாது என்று ஒரு மடங்காத கத்தியை வைத்திருந்தார்கள். வேலை தேடி ஸ்பெயின் பக்கம் போய்வந்தவர்கள் மூலம் நவாஹா என்ற மடக்குக்கத்தியும் ஊருக்குத் தெரிந்திருந்தது. 1829ல் பியேர்-ழான் கால்மெல் என்பவர் மடக்கும் லயோலைச் செய்தார். முதலில் நேரான பிடி. இன்று நாம் பார்க்கும் இடுப்பு வளைந்த வடிவம் பிறகு வந்தது. அப்புறம் மாட்டுக்காரர்களுக்காக ஒரு கூர் ஊசி சேர்ந்தது. ஈரத் தீவனம் தின்று வயிறு உப்பிப்போன மாட்டின் விலாவில் குத்திக் காற்றை வெளியேற்ற அது. தோல் வாரில் துளை போடவும் அதுவே. 1880 வாக்கில் கார்க் திருகி வந்தது. ஓப்ராக் ஆட்கள் பிழைப்புக்காகப் பாரிஸுக்குப் போய்க் காப்பிக்கடை, மதுக்கடை வைத்த காலம் அது. கத்தியில் எது எப்போது சேர்ந்தது என்று தெரிந்து வைத்துக்கொண்டால், "1850ல் செய்தது" என்று கார்க் திருகியோடு ஒரு கத்தியை யாராவது நீட்டும்போது வாங்காமல் நகர்ந்துவிடலாம்.

தேனீயும் அப்படித்தான். பழைய லயோல்களில் முதுகு வில்லின், அதாவது பிடியின் முதுகில் ஓடி அலகை இறுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங்கின், நுனி வெறுமையாக இருக்கும், அல்லது ஒரு பூ, ஒரு இலை, ஒரு கோடு என்று ஏதாவது இருக்கும். தேனீ 1909ஐ ஒட்டித்தான் வருகிறது. அந்த நுனியைக் கத்தி செய்பவர்கள் "மூஷ்" என்பார்கள். மூஷ் என்றால் ஈ. தொழிலில் அது வில்லின் தட்டையான நுனிக்குப் பெயர், அதில் பூ இருந்தாலும் மூஷ்தான். கேட்டவர்கள் அதை ஈ என்று எடுத்துக்கொண்டார்கள், பிறகு அது தேனீ ஆகி நெப்போலியனின் முத்திரையோடு ஒட்டிக்கொண்டது.

பெயர் விஷயத்துக்கு வருவோம். முதல் உலகப் போருக்குப் பிறகு லயோல் ஊரில் இந்தத் தொழில் ஏறக்குறைய செத்தே போய்விட்டது. கத்தி மட்டும் சாகவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே தியேரில் லயோல் வடிவத்தைச் செய்துகொண்டிருந்தார்கள். பல பத்தாண்டுகளுக்கு லயோல் என்று விற்றதில் பெரும்பகுதி தியேரில் செய்ததுதான். 1987ல் ஃபோர்ஜ் த லயோல் என்ற பட்டறை தொடங்கியபோதுதான் தொழில் ஊருக்குத் திரும்பியது. ஃபிலிப் ஸ்டார்க் வடிவமைத்த கட்டடம் அது, கூரையிலிருந்து 18 மீட்டர் உயரத்துக்கு ஓர் அலகு வானத்தைப் பார்த்து நிற்கும். ஆறு வருடம் கழித்து, 1993ல், ஊருக்குச் சம்பந்தமில்லாத ஒரு வியாபாரி லயோல் என்ற பெயரைப் பல பொருள்களுக்கு வணிகச் சின்னமாகப் பதிவு செய்துவிட்டார். ஊர் நீதிமன்றம் போனது, தோற்றது. 2012ல் ஊர்க்காரர்கள் கோபத்தில் தங்கள் ஊர்ப் பெயர்ப்பலகையையே கழற்றினார்கள். 2019ல் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பதிவுகளில் பலவற்றை ரத்து செய்தது. 2022ல் லயோல் கத்திக்குப் புவிசார் குறியீடு ஏற்கப்பட்டபோது அது தியேர் தரப்பு கேட்ட விரிந்த எல்லையோடு வந்தது, அதுவும் உடனே வழக்குக்குப் போனது.

இந்தச் சண்டையில் என் மனது ஊர்க்காரர்கள் பக்கம்தான். ஆனால் சேகரிப்பவர் என்ற முறையில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். 1930ல் தியேரில் செய்த லயோல் போலி கிடையாது, அது தியேர் லயோல். போலி என்றால் பாகிஸ்தானிலோ சீனாவிலோ பல்லாயிரக்கணக்கில் வார்த்து, தேனீயும் பெயரும் பொறித்து, "பரம்பரை பிரெஞ்சுக் கத்தி" என்று விற்பது. அதைவிட மோசமானது அதில் ஒன்றை எடுத்துக் கறுக்க வைத்து நூறு வருடப் பழசு என்று விற்பது.

அந்த இரண்டாவது வகையில் நானே மாட்டியிருக்கிறேன். இங்கு வந்த மூன்றாவது வருடம், ஒரு சந்தையில் தந்தப் பிடி போட்ட லயோல் ஒன்றை 180 யூரோவுக்கு வாங்கினேன். அலகு முழுக்கப் பழுப்புத் துரு, பிடி மஞ்சள் ஏறிப் பளபளவென்று இருந்தது. பெருமையாக அதைத் தியேரில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவரிடம் காட்டினேன். நாற்பது வருடம் கத்தி கோர்க்கும் வேலை பார்த்தவர். கண்ணாடியைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. கத்தியைத் திறந்தார், ஜன்னல் பக்கம் திரும்பி அலகின் கூர் விளிம்பைக் கண்ணுக்கு நேராக நீளவாக்கில் பிடித்துப் பார்த்தார். "இந்தக் கத்தி ஒரு நாளும் ரொட்டி வெட்டியதில்லை" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த ஒரு வாக்கியத்திலிருந்து நான் கற்றுக்கொண்டது அதிகம். மடக்குக்கத்தியைத் தினமும் சாப்பாட்டுக்குப் பயன்படுத்துகிறவர் அதை அடிக்கடி சாணைக்கல்லில் தீட்டுவார். தீட்டத் தீட்ட அலகு தேயும். எல்லா இடத்திலும் சமமாகத் தேயாது. நடுப்பகுதி உள்வாங்கும், அடிப்பகுதியில் தீட்டாத ஒரு சின்ன மேடு நிற்கும், நகம் வைத்துத் திறக்கிற குழிக்கும் கூர் விளிம்புக்கும் இடையே இருக்கும் தூரம் குறைந்துகொண்டே வரும். அறுபது எழுபது வருடம் உழைத்த அலகு புது அலகில் பாதி அகலத்துக்கு வந்திருப்பதைக்கூடப் பார்த்திருக்கிறேன். என் கத்தியில் அலகு முழு அகலத்தோடு இருந்தது. உழைக்காத அலகு எப்படி இத்தனை துருப்பிடித்தது?

வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியில் பார்த்தேன். துருவின் சின்னச் சின்னப் பள்ளங்கள் அலகு முழுக்க ஒரே அளவில், ஒரே ஆழத்தில் இருந்தன. அமிலத்தில் முக்கினால்தான் அப்படி வரும். இயற்கையாகத் துருப்பிடிக்கும்போது கை படுகிற இடம், மூட்டு, ஈரம் தங்குகிற நகக்குழி என்று இடத்துக்கு இடம் மாறும். பழைய கார்பன் எஃகு பெரும்பாலும் பழுப்பாக இருக்காது, சாம்பலும் நீலமும் கலந்து கறுத்திருக்கும். எழுத்துகளைப் பார்த்தேன். துருப்பிடித்த பரப்பில் எழுத்து மட்டும் கூர்மையான ஓரத்தோடு நின்றது, எழுத்தின் அடியில் துருவே இல்லை. அதாவது கறுக்க வைத்த பிறகு பொறித்திருக்கிறார்கள். பழைய கத்திகளில் முத்திரையைச் சுத்தியலால் தட்டிப் பதிப்பார்கள். எழுத்து ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலாகவும் இருக்கும், ஓரங்கள் அலகோடு சேர்ந்து மழுங்கியிருக்கும். இயந்திரத்தில் பொறித்த எழுத்து ஒரே ஆழத்தில் தட்டையாக இருக்கும்.

தந்தம் என்று சொன்னது தந்தமும் இல்லை. இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிடியில்தான் அதிக ஏமாற்று நடக்கிறது. யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டுத் தெரியும் முனையில், கோணமாக ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் மெல்லிய வளைகோடுகள் இருக்கும். எலும்பில் அது இருக்காது. கறுப்புப் புள்ளிகளும் சின்னக் கீறல்களும் இருக்கும், உயிரோடு இருந்தபோது ரத்தம் ஓடிய துளைகள் அவை. பிளாஸ்டிக்கில் செய்த தந்தத்தில் கோடுகள் இணையாக, அச்சடித்ததுபோல ஓடும். செல்லுலாய்டு என்றால் கட்டைவிரலால் வேகமாகத் தேய்த்து முகர்ந்து பாருங்கள், கற்பூர வாசம் வரும், அதில் கற்பூரம் கலந்துதான் செய்கிறார்கள். சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்லி யாராவது யோசனை கொடுத்தால் கேட்காதீர்கள். நல்ல பிடியில் ஓட்டை விழும், செல்லுலாய்டாக இருந்தால் தீயே பிடிக்கும்.

இன்னொன்று, உண்மையான தந்தமாகவே இருந்தாலும் நான் இப்போது வாங்குவதில்லை. பிரான்சில் 2016லிருந்து தந்த வியாபாரத்துக்குக் கடும் கட்டுப்பாடு இருக்கிறது, இந்தியாவுக்குக் கொண்டுபோவது சட்டப்படி குற்றம். ஊருக்குப் பரிசாக எடுத்துப் போகலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

மாட்டுக்கொம்புப் பிடிக்கு வேறு சோதனை உண்டு. கொம்பு காலப்போக்கில் சுருங்கும். பழைய பிடியில் கொம்புக்கும் இரண்டு முனையில் இருக்கும் உலோகப் பூணுக்கும் இடையே நகம் தட்டுகிற அளவுக்கு ஒரு படி வந்திருக்கும், பித்தளை ஆணியின் தலை கொம்பின் பரப்பைவிட இம்மியளவு மேலே நிற்கும். விரலை வைத்துத் தடவினாலே தெரியும். எண்பது வருடப் பழசு என்று சொல்லும் கத்தியில் கொம்பும் பூணும் வழுவழுவென்று ஒன்றாக இருந்தால், பிடி மாற்றியதா அல்லது சமீபத்தில் இழைத்து மெருகு போட்டதா என்று கேளுங்கள். மாற்றியது என்றால் குற்றமில்லை. கிராமத்தில் பிடி உடைந்தால் மாற்றத்தான் செய்தார்கள். அதை மறைப்பதுதான் குற்றம்.

சரி, உங்கள் கத்தி பழசு இல்லை என்று வைத்துக்கொண்டு, அது நல்ல கத்தியா என்று எப்படிப் பார்ப்பது? மெதுவாகத் திறந்து பாருங்கள். முதலில் ஓர் எதிர்ப்பு, பாதியில் ஒரு வேகம், கடைசியில் "டக்" என்று ஒரே சத்தம். அந்தச் சத்தம் சுத்தமாக இருக்க வேண்டும். திறந்த அலகைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், அசையக் கூடாது. மூடிவிட்டு மேலிருந்து பார்த்தால் அலகு பிடிக்குள் இருக்கும் இரண்டு உள்தகடுகளுக்கும் சரியாக நடுவில் படுத்திருக்க வேண்டும். பிறகு கத்தியை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து, முதுகு வில்லுக்கும் உள்தகட்டுக்கும் நடுவே ஒளிக்கீற்று தெரிகிறதா என்று பாருங்கள். நல்ல கையால் கோர்த்த கத்தியில் தலைமுடி நுழைகிற இடைவெளிகூட இருக்காது. மலிவுக் கத்தி இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும். மூடும்போது மட்டும் அலகை வேகமாக விடாதீர்கள், கூர் போய் வில்லில் மோதும். லயோலை விரலால் தாங்கித்தான் மூட வேண்டும்.

தேனீயை இப்போது பாருங்கள். வில்லோடு ஒரே இரும்பில் அடித்து உருவாக்கிய தேனீ ஒரு வகை, தனியாகச் செய்து வில்லின் மேல் பற்றவைத்தது இன்னொரு வகை. பற்றவைத்ததில் தேனீயின் அடியில், பக்கவாட்டில், ஒரு மெல்லிய கோடு ஓடும். பற்றவைத்தாலே மட்டம் என்று நினைக்க வேண்டாம், நல்ல பட்டறைகளும் அப்படிச் செய்வதுண்டு. ஆனால் ஒரே இரும்பில் அடித்தது என்றால் அதற்கு நேரம் செலவழித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வில்லின் முதுகில் ஓடும் அர வேலையும் அப்படியே. கையில் அரம் பிடித்துச் செதுக்கியதில் ஒரு வெட்டும் அடுத்த வெட்டும் துல்லியமாக ஒன்றாக இருக்காது. வார்த்ததில் எல்லாம் ஒரே அச்சு, பள்ளத்தின் அடியில் சொரசொரப்பும் இருக்கும். பிடியில் சின்ன ஆணிகளால் போட்ட சிலுவை இருந்தால் "மேய்ப்பன் சிலுவை" என்று கதை சொல்வார்கள். மலைமேல் கோயில் இல்லாத மேய்ப்பன் கத்தியை ரொட்டியில் குத்தி வைத்து ஜெபம் செய்தானாம். எனக்கும் பிடித்த கதைதான், ஆனால் இறக்குமதிக் கத்திகளிலும் அதே சிலுவை இருக்கிறது.

தியேரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. துரோல் என்ற ஆறு மலையிடுக்கில் சரிந்து விழும் ஊர். அந்தத் தண்ணீர்தான் அறுநூறு வருடம் சாணைச் சக்கரங்களைச் சுற்றியது. சாணை பிடிப்பவர்கள் சக்கரத்துக்கு மேலே போட்ட பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு, கீழே சுற்றும் கல்லில் அலகை அழுத்துவார்கள். நாள் முழுக்க அப்படியே. குளிர்காலத்தில் ஈரமும் காற்றுமாக இருக்கும் அந்தக் கூடத்தில் காலுக்குச் சூடாக இருக்கட்டும் என்று ஒரு நாயைத் தங்கள் கால்மேல் படுக்க வைத்துக்கொள்வார்கள். கல்லிலிருந்து தெறிக்கும் மஞ்சள் சேறு வயிற்றில் அப்பியிருப்பதால் அவர்களுக்கு "மஞ்சள் வயிறு" என்றே பெயர். பழைய படங்களில் அந்த நாய்களைப் பார்க்கலாம். ஊரில் கத்தித் தொழில் அருங்காட்சியகம் இருக்கிறது, பள்ளத்தாக்கில் ஒரு பழைய சாணைக்கூடத்தையும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். கத்தி சேகரிக்க நினைப்பவர் முதல் கத்தியை வாங்குவதற்கு முன்னால் அங்கே ஒரு நாள் செலவழித்தால் பிறகு நிறையப் பணம் மிச்சமாகும்.

தியேரின் வேலைமுறை சேகரிப்பவருக்கு முக்கியம். அங்கே ஒருவர் அடிப்பார், ஒருவர் சாணை பிடிப்பார், ஒருவர் மெருகு போடுவார், ஒருவர் கோர்ப்பார். பலர் அவரவர் வீட்டிலேயே வேலை பார்த்தார்கள். இப்படிச் செய்த கத்தியில் தொலைதூர ஊர்க் கடைக்காரர் தன் பெயரைப் பதிக்கச் சொல்லி வாங்கிப் போவார். ஆகவே, அலகில் இருக்கும் பெயர் செய்தவர் பெயர் என்று கட்டாயமில்லை, விற்ற கடையின் பெயராக இருக்கலாம். ப்ராதெல் என்ற நங்கூரச் சின்னக் கத்தி அவ்வளவு விற்றதால், அதே ஒலி வருகிற பெயர்களை மற்ற பட்டறைகளும் பதித்தன. பழம்பொருள் சந்தையில் நங்கூரம் போட்ட கத்தி பத்து கிடைத்தால் பத்தும் ஒரே பட்டறை கிடையாது. இதற்கெல்லாம் நம்பகமான வழி அந்தக் காலப் பட்டறைகளின் விலைப்பட்டியல் புத்தகங்கள். படமும் எண்ணும் மாதிரியின் பெயரும் அதில் இருக்கும். கத்தியைவிட முதலில் அந்தப் பட்டியல்களின் மறுபதிப்பைத் தேடுங்கள் என்பது என் யோசனை.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். லயோலில் தொடங்காதீர்கள், ஒப்பினெலில் தொடங்குங்கள். விலை குறைவு, தேதி கண்டுபிடிக்க எளிது, கண்ணுக்குப் பயிற்சி கிடைக்கும். சவோய் மலைப்பகுதியில் ஜோசஃப் ஒப்பினெல் 1890ல் இந்தக் கத்தியைச் செய்தார். 1897ல் கத்தியின் அளவுக்கு ஏற்ப 1லிருந்து 12 வரை எண் கொடுத்தார். அதில் 1ம் 11ம் 1930களில் நின்றுபோயின, அதனால் அந்த இரண்டு எண்ணையும் தேடாத சேகரிப்பாளர் இல்லை. 1909ல் கிரீடம் வைத்த கையைச் சின்னமாகப் பதிவு செய்தார். கை, பக்கத்து ஊர்த் தேவாலயத்தில் இருக்கும் திருமுழுக்கு யோவானின் விரல் எலும்புகளைக் குறிப்பது. கிரீடம், சவோய் பிரபுக்களின் அடையாளம். 1955ல் மார்செல் ஒப்பினெல் அலகைப் பூட்டும் சுழல் வளையத்தைக் கண்டுபிடித்தார். 2000த்தில் அந்த வளையம் கத்தி மூடியிருக்கும்போதும் பூட்டும்படி மாறியது.

இதை வைத்து ஒரு கத்தியைப் பத்து விநாடியில் காலம் பிரித்துவிடலாம். எண் 8 கத்தியில் சுழல் வளையம் இல்லையென்றால் அது 1955க்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். வளையம் திறந்த நிலையில் மட்டும் பூட்டினால் 1955க்கும் 2000க்கும் இடையில். இரண்டு நிலையிலும் பூட்டினால் அதற்குப் பிறகு. இங்கேதான் கவனம் வேண்டும். 2லிருந்து 5 வரை உள்ள சின்னக் கத்திகளில் இன்றைக்கும் சுழல் வளையம் கிடையாது. அதைக் காட்டி "வளையம் இல்லை, போருக்கு முந்தியது" என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். பெரிய எண்களில் வெளிவளையத்தை இடுக்கியால் கழற்றிவிட்டு விற்பதும் உண்டு. உள்பூணைச் சுற்றி வளையம் உரசிய தடம் இருக்கிறதா என்று பாருங்கள். பீச் மரப் பிடி ஈரத்தில் ஊறி அலகு சிக்கிக்கொண்டால் பிடியின் அடிமுனையை மேசையில் ஒரு தட்டு தட்டுங்கள், அலகு வெளியே எட்டிப் பார்க்கும். சவோய்க்காரர்கள் அப்படித்தான் திறப்பார்கள்.

நோந்த்ரோன் கத்தியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தோர்தோஞ் பகுதிக் கத்தி, பாக்ஸ்வுட் மரப் பிடியில் சூட்டுக்கோலால் போட்ட தலைகீழ் "வி" வடிவும் புள்ளிகளும்தான் அடையாளம். பழைய பிடி தேன் நிறத்துக்கு வந்திருக்கும், சூட்டுக்குறி கைபட்டு மங்கியிருக்கும். பிடி தேனாகவும் குறி கன்னங்கரேலென்றும் இருந்தால் யோசியுங்கள்.

டூக்-டூக் எனக்கு நெருக்கமான கத்தி. தியேரில் கோன்யே பட்டறையில் காஸ்பார் கோன்யே 1929ல் வடிவமைத்தார். பிடி என்பது மடித்த ஓர் இரும்புத் தகடு, அவ்வளவுதான். அதன்மேல் மெலனேசியத் தீவுகளின் ஓர் ஆவி உருவம், விரிந்த உடையும் கூம்புத் தலையுமாக. பசிபிக் தீவுகளுக்கு விற்கச் செய்த கத்தி, வட ஆப்பிரிக்காவில்தான் அதிகம் பரவியது. காரைக்கால்காரரான என் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், அல்ஜீரியாவிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தார். கடைசிவரை வெற்றிலைக்குப் பாக்கு சீவியது அதில்தான். உருவத்தின் இடது பாதி அவருடைய கட்டைவிரல் பட்டுப் பட்டு முழுக்க மறைந்துவிட்டது, வலது பாதி புதுசுபோல இருக்கிறது. உண்மையான தேய்மானம் எப்படி இருக்கும் என்று யாருக்காவது காட்ட வேண்டுமென்றால் நான் அதைத்தான் எடுத்துக் காட்டுவேன். எனக்குக் கொடுக்கும்போது என்னிடமிருந்து ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டார். கத்தியைச் சும்மா கொடுத்தால் உறவு அறுந்துபோகும் என்று பிரெஞ்சுக்காரர்கள் ஒரு சில்லறைக் காசாவது வாங்கிக்கொள்வார்கள், அந்த வழக்கத்தை அவர் ராணுவத்தில் பழகியிருந்தார்.

பராமரிப்பில் ஒன்றே ஒன்றை வலியுறுத்துகிறேன். பழைய கத்தியைத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். அந்தக் கருமை போனால் திரும்பி வராது, முத்திரையும் அதோடு மங்கும், விலையும் விழும். சிவப்புத் துரு இருக்கும் இடத்தில் மட்டும் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, காய்ந்த இடத்தில் வையுங்கள். செல்லுலாய்டுப் பிடி போட்ட கத்தியை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் பூட்டி வைக்க வேண்டாம். அது சிதையும்போது வெளிவிடும் அமில வாயு பக்கத்துக் கத்திகளையும் துருப்பிடிக்க வைக்கும். வெளியே எடுத்துப் போவதிலும் கவனம் தேவை, பிரான்சில் தக்க காரணம் இல்லாமல் கத்தியைப் பையில் வைத்துக்கொண்டு திரிவது சட்டப்படி தவறு. விமானத்தில் என்றால் ஏற்றிவிடும் பெட்டியில்தான்.

உங்கள் 60 யூரோ கத்திக்கு வருகிறேன். அலகைத் திறந்து, மூட்டுக்குப் பக்கத்தில், லயோல் என்று எழுதியிருக்கும் பக்கத்துக்கு மறுபக்கம் பாருங்கள். அங்கே ஒரு பட்டறையின் பெயரோ ஊர்ப் பெயரோ சின்னமோ இருந்து, வெளிச்சச் சோதனையில் கீற்றுத் தெரியாமல், தேனீயைச் சுற்றிய அர வேலை ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறியிருந்தால், உங்களிடம் இருப்பது போருக்குப் பிந்தைய நல்ல பிரெஞ்சுக் கத்தி, கொடுத்த காசுக்கு மேலேயே பெறும். இரண்டு பக்கமும் லயோல் என்பதைத் தவிர எதுவும் இல்லை, அலகு ஆடுகிறது, ஒளி தெரிகிறது என்றால் அது பழம் வெட்டுவதற்கு ஆகும். முத்திரை ஏதாவது இருந்தால் அதன் வடிவத்தை ஒரு தாளில் பென்சிலால் தேய்த்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தியேர் அருங்காட்சியகத்துக்குப் போகிற அன்று அந்தத் தாளைக் கையோடு எடுத்துப் போங்கள்.